சூரிய மண்டலச் செய்முறைப் பெட்டிகள்: வாங்கும் முன் ஒரு வார்த்தை



கடந்த தவணையில் நம் புலனக் குழுவில் ஒரே கேள்வி நான்கைந்து முறை வந்துவிட்டது. "சூரிய மண்டலம் சொல்லித்தர எந்தச் செய்முறைப் பெட்டி நல்லா இருக்கு? பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் தர்றாங்க." உடனே இணையக் கடைத் தொடுப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. விலை கேட்டார்கள், எத்தனை நாளில் வந்து சேரும் என்று கேட்டார்கள். பெட்டிக்குள் இருப்பது சொல்லும் செய்தி சரியா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அன்று கேட்காததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் அறிவியல் ஆசிரியை இல்லை. இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். ‘உங்களுக்கு ஏன் இந்த வேலை’ என்று கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளைகள் படிவம் ஒன்றில் எங்களிடம்தான் வந்து சேருகிறார்கள். இங்கே அறிவியல் மலாயில் அல்லது ஆங்கிலத்தில். கோள், அச்சு, சுழற்சி, கிரகணம் என்று ஆறு வருடம் சேர்த்து வைத்த சொற்கள் பிழைத்திருக்க மிச்சம் இருப்பது என் தமிழ் வகுப்பு ஒன்றுதான். அதனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் பிள்ளையின் மனத்தில் என்ன படம் இருக்கிறது என்பது எனக்கும் தலைவலியாகிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் வெட்கமான கதை. ஈராண்டுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியின் அறிவியல் நாளுக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். பன்னிரண்டு மேசைகள். ஒன்பது மேசைகளில் சூரிய மண்டலம், அதுவும் ஒரே பெட்டி, ஒரே பந்துகள், வண்ணம் மட்டும் வேறு. ஒரு மேசையில் ஒரு பையன் அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த சின்ன உலக உருண்டையை வைத்திருந்தான். அதிலிருந்து ஒரு நூல் கிளம்பி, மண்டபத்தின் அடுத்த சுவர் வரை போனது. அந்த முனையில் ஒரு டென்னிஸ் பந்து. "இது நிலா டீச்சர். இவ்ளோ தூரம்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. என் கையிலிருந்த மதிப்பீட்டுப் படிவத்தில் ‘அழகு, முழுமை, விளக்கம்’ என்று மூன்று கட்டங்கள். மற்ற மேசைகளில் சூரியனோடு எட்டுக் கோள்களும் இருந்தன, இவனிடம் இரண்டே பொருள். முழுமைக்குப் பத்துக்கு மூன்று போட்டேன். மின்விளக்கு எரிந்த மேசைக்கு முதல் பரிசு.

வீட்டுக்கு வந்து ஏதோ உறுத்த, கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர், நிலவின் விட்டம் 3,474. கால் பங்கைவிடச் சற்றே அதிகம். இரண்டுக்கும் இடையே சராசரியாக 384,400 கிலோமீட்டர், அதாவது முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கும் தூரம். 25 சென்டிமீட்டர் உருண்டை பூமி என்றால் நிலா 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டென்னிஸ் பந்தேதான். தூரம் ஏழரை மீட்டர். அந்த மண்டபத்தில் இருந்த சூரிய மண்டலங்களில் அளவு சரியாக இருந்தது அவனுடையது மட்டும்தான்.

இனி பெட்டிகளுக்கு வருவோம். நம் பள்ளிகளில் அதிகம் புழங்குவது பொலிஸ்டிரின் பந்துப் பெட்டி. முப்பது ரிங்கிட் சொச்சம். வெள்ளைப் பந்துகள், கம்பிகள், வண்ணக் குப்பிகள், தூரிகை, ஒரு தாள். நான் வாங்கிய பெட்டியை அளவுகோல் வைத்து அளந்தேன். சூரியன் 12 சென்டிமீட்டர், வியாழன் 9, பூமி 4. உண்மையில் சூரியனின் குறுக்கே 109 பூமிகளை அடுக்கலாம். பெட்டியில் மூன்று அடுக்கினாலே முடிந்துவிட்டது. பூமி 4 சென்டிமீட்டராகவே இருக்கட்டும் என்றால் சூரியனுக்கு 4 மீட்டருக்கு மேல் விட்டம் வேண்டும், வகுப்பறைக்குள் நுழையாது. சூரியன் 12 சென்டிமீட்டராக இருக்கட்டும் என்றால் பூமி ஒரு மில்லிமீட்டர் சொச்சம், அதற்கு வண்ணம் பூசத் தூரிகை கிடையாது. தூரமோ இன்னும் மோசம். கம்பிகள் ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் நீளுகின்றன. பூமியிலிருந்து சூரியனுக்குள்ள தூரத்தை ஒன்று என்று வைத்தால் செவ்வாய் ஒன்றரை, வியாழன் ஐந்துக்குக் கொஞ்சம் மேல், நெப்டியூன் முப்பது. பெட்டியில் இவை படிக்கட்டு மாதிரி சமமாக இருக்கின்றன.

"சின்னப் பிள்ளைங்க, வரிசை தெரிஞ்சா போதாதா?" என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. பாடநூல் படமும் அளவுப்படி இல்லை, சுவரொட்டியும் இல்லை. ஆனால் படத்தைப் பிள்ளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறான். பெட்டியோடு மூன்று மணி நேரம் உட்காருகிறான். பசை ஒட்டி, வண்ணம் காயவைத்து, வீட்டில் அலமாரி மேல் வைத்து ஒரு வருடம் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கை செய்தது மனத்தில் நிற்கும் என்றுதானே நாம் செய்முறையைத் தேடிப் போகிறோம்? தவறும் அதே மாதிரி நின்றுவிடுகிறது. என் படிவம் ஒன்று மாணவர்களிடம் எந்தப் பொருளும் காட்டாமல் ‘பூமியும் நிலாவும் வரை’ என்றேன். கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் நிலா பூமிக்கு ஒரு விரல் தள்ளி நின்றது.

அளவு, தூரம் இரண்டையும் ஒரே விகிதத்தில் வைத்தால் எந்தப் பெட்டியிலும் அடங்காது. இது பெட்டி செய்தவரின் குற்றமில்லை, விண்வெளி அப்படி. அதை ஒரு வரியில் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதுதான் குற்றம். சில பெட்டிகளில் ‘அளவுப்படி அல்ல’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பெட்டியின் அடிப்பக்கத்தில்!

அடங்காது என்பதைப் பிள்ளை நடந்து தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கய் ஒட்டவெல் என்பவர் 1989இல் எழுதிய ஆயிரம் கஜ மாதிரியில் பூமிக்கு ஒரு குறுமிளகை எடுத்துக்கொண்டார். நான் அதை நம் அடுப்படிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன். சூரியனுக்குப் பள்ளிக் கால்பந்து, 22 சென்டிமீட்டர். புதனுக்கு ஒரு ரவைத் துணுக்கு. வெள்ளிக்கும் பூமிக்கும் இரண்டு மில்லிமீட்டர் கடுகு. செவ்வாய்க்குக் கேழ்வரகு, நிறமும் பொருந்திவிட்டது. வியாழன் ஒரு நெல்லிக்காய், சனி ஒரு பெரிய கோலி, யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் கொண்டைக்கடலை. கடுகும் ரவையும் காற்றில் பறந்துவிடும், முதலிலேயே அட்டையில் ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டாமல் போய்ப் பூமியைத் திடலில் தொலைத்தேன். பிள்ளைகள் ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தார்கள்.

கோல் கம்பத்தடியில் பந்தை வைத்து அளவு நாடாவோடு நடந்தோம். புதன் 9 மீட்டர், வெள்ளி 17, பூமி 24, செவ்வாய் 36. இதுவரை சத்தம், ஓட்டம், தள்ளுமுள்ளு. பிறகு வியாழனுக்காக நடக்க ஆரம்பித்தோம். 123 மீட்டர். திடல் முடிந்து வேலி வந்துவிட்டது, வியாழன் வேலிக்கு வெளியே. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அப்ப மத்ததெல்லாம்?" என்று ஒருத்தி கேட்டாள். சனி 227 மீட்டர், பக்கத்துக் கடைத்தெரு. யுரேனஸ் 454. நெப்டியூன் 711. இதையெல்லாம் திறன்பேசி வரைபடத்தில்தான் காட்டினேன், பிள்ளைகளைச் சாலைக்கு அழைத்துப் போக முடியாது. அடுத்த நட்சத்திரம் எங்கே என்று கேட்டதற்குக் கணக்குப் போட்டோம். 6,300 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து மெல்பர்ன் வரை!

திரும்பி வரும்போது கடுகு இருந்த இடத்தில் எல்லாரையும் நிறுத்திப் பந்தைப் பார்க்கச் சொன்னேன். 24 மீட்டரிலிருந்து அந்தப் பந்து தெரியும் அளவும், வானத்தில் சூரியன் தெரியும் அளவும் ஒன்றே. பந்தை மட்டும் பாருங்கள், சூரியனை நேரே பார்க்காதீர்கள் என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னேன். பந்து பள்ளியுடையது. மற்றவற்றுக்கு ஐந்து ரிங்கிட் செலவாகியிருக்குமா என்பது சந்தேகம். நெல்லிக்காய்தான் விலை அதிகம். அதையும் பாடம் முடிந்ததும் ஒருவன் தின்றுவிட்டான்.

அடுத்த வகை, கைப்பிடியைச் சுழற்றினால் பூமியும் நிலவும் சூரியனைச் சுற்றும் பல்சக்கரப் பெட்டி. விலை கூடுதல். இதை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அசைகிறது. பிள்ளையின் வாயிலிருந்து வினைச்சொல் வரும். ஆனால் மலிவான பெட்டிகள் பலவற்றில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. பூமியின் அச்சு ஏறக்குறைய 23.4 பாகை சாய்ந்திருக்கிறது, அது வருடம் முழுக்க ஒரே திசையை நோக்கியே சாய்ந்திருக்கும். அதனால்தான் ஆறு மாதம் வடபாதி சூரியன் பக்கம், ஆறு மாதம் தென்பாதி. மலிவுப் பெட்டியில் பூமி கம்பியோடு இறுக்கமாக ஒட்டியிருப்பதால் கம்பி திரும்பும்போது அச்சும் கூடவே திரும்பிவிடும். வடதுருவம் எப்போதும் சூரியனைப் பார்த்துக் குனிந்தே இருக்கும். அந்தப் பெட்டியின்படி லண்டனில் வருடம் முழுக்கக் கோடை. கடையில் சோதிப்பது சுலபம். அச்சின் மேல்முனை கடையின் எந்தச் சுவரைக் காட்டுகிறது என்று பாருங்கள், கைப்பிடியை அரைச்சுற்றுச் சுற்றுங்கள். அதே சுவரைக் காட்டினால் வாங்கலாம். எதிர்ச்சுவருக்குத் திரும்பிவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

"நமக்குத்தான் நாலு பருவமே இல்லையே, இது நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்பார்கள். பருவம் இல்லாவிட்டாலும் சாய்வு நமக்கும் தெரியும். திடலில் ஒரு மீட்டர் கோலை நேராக நட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அது பிற்பகல் ஒன்றேகால் வாக்கில். ஜூன் கடைசியில் நிழல் தெற்கே விழும், நீளம் 37 சென்டிமீட்டர் அளவில். டிசம்பர் கடைசியில் அதே கோலின் நிழல் வடக்கே, அரை மீட்டர். மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் ஒரு நாள் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். நிழல் பக்கம் மாறுவதை லண்டன் பிள்ளை ஒருநாளும் பார்க்க முடியாது, அவர்களுக்கு நண்பகல் நிழல் எப்போதும் வடக்கேதான். பெட்டி அவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது, அதனால் இதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இப்போது நிலவுக்கு வருகிறேன், எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இங்கேதான். பல்சக்கரப் பெட்டியை வகுப்பில் சுழற்றிக்கொண்டிருந்தபோது ஒருவன் கேட்டான்: "டீச்சர், கோயில்ல ஒன்பது கிரகம் இருக்கே, பாடத்துல எட்டுதான இருக்கு? ஒண்ணு எங்க?" இன்னொருவன் முந்திக்கொண்டான்: "புளூட்டோவத் தூக்கிட்டாங்கடா!" 2006இல் புளூட்டோவைக் குறுங்கோள் பட்டியலுக்கு மாற்றியது உண்மை. ஆனால் அந்த ஒன்பது வேறு, இந்த ஒன்பது வேறு. இந்த இடத்தில் பல ஆசிரியர்கள் "அது சமயம், இது அறிவியல்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நகர்ந்தேன்.

நவக்கிரகத்தில் சூரியன் இருக்கிறது, சந்திரன் இருக்கிறது, பூமி இல்லை. பூமியில் நின்று மேலே பார்த்தவர்கள் போட்ட பட்டியல் அது, நின்ற இடத்தை எண்ணவில்லை. யுரேனஸும் நெப்டியூனும் இல்லை, ஏனென்றால் ஒன்று 1781இலும் மற்றது 1846இலும் தொலைநோக்கியால் கண்டுபிடிக்கப்பட்டவை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஐந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை, அதனால்தான் அவை கிழமைப் பெயர்களாகவும் நம் வாயில் இருக்கின்றன. மீதி இரண்டு, ராகுவும் கேதுவும். இவை பொருள்களே அல்ல, இரண்டு புள்ளிகள். வானத்தில் சூரியன் செல்லும் பாதையும் நிலவு செல்லும் பாதையும் ஒரே தளத்தில் இல்லை, ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கின்றன. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரு இடங்களைத்தான் இந்திய வானியல் ராகு, கேது என்றது. அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிகளுக்கு அருகில் நேரும்போதுதான் கிரகணம். ராகு விழுங்கியது என்ற கதைக்குப் பின்னால் இருக்கும் வடிவக்கணிதம் இது.

இப்போது பெட்டியைப் பாருங்கள். நிலவின் கம்பி மேசைக்கு இணையாகத் தட்டையாக நீட்டியிருக்கிறது. அந்தப் பெட்டியைச் சுழற்றினால் ஒவ்வோர் அமாவாசையிலும் சூரிய கிரகணம், ஒவ்வொரு பௌர்ணமியிலும் சந்திர கிரகணம் நடக்க வேண்டும். நடப்பதில்லையே, ஏன்? பெட்டியிடம் பதில் இல்லை. 2019 டிசம்பர் 26ஆம் நாள் சிங்கப்பூரிலும் ஜொகூரின் தென்முனையிலும் வளையச் சூரிய கிரகணத்தைப் பார்க்க அவ்வளவு கூட்டம் ஏன் கூடியது? மாதா மாதம் வருவதாக இருந்தால் யார் போவார்கள்?

விளையாட்டு அறையிலிருந்து இரண்டு பெரிய பிளாஸ்டிக் வளையங்களை எடுத்து வந்தோம். ஒன்றைப் படுக்கையாகப் பிடித்தோம், மற்றதை அதற்குள் கொஞ்சம் சாய்த்தோம். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் இருவர் விரல் வைத்தார்கள். ஒருத்தி ராகு, ஒருவன் கேது. என் வகுப்பில் கிறிஸ்துவப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளை ஒருவரும் உண்டு. யாருக்கும் இதில் சங்கடம் ஏற்படவில்லை, நான் சோதிடம் சொல்லவில்லை, சொல்லின் பொருளைச் சொன்னேன். ‘மூடநம்பிக்கை’ என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயத்தில் நாம் கைவிட்டுவிட்ட சொற்கள் எத்தனையோ!

மொழி பற்றிச் சொல்லாமல் போனால் தமிழாசிரியை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. பொலிஸ்டிரின் பெட்டியை நான்கு குழுக்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பாடவேளை முழுக்கக் குறிப்பேட்டோடு சும்மா சுற்றி வந்தேன். காதில் விழுந்தவை: "அத குடு." "இத ஒட்டு." "டேய், சிவப்பு முடிஞ்சிருச்சு." "இது யாரோடது?" கோள் என்ற சொல்லே யார் வாயிலும் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை, தாளில் படம் இருக்கிறது, பார்த்து ஒட்டினால் வேலை முடிந்தது. தாளிலுள்ள எழுத்து ஆங்கிலமும் சீனமும். கையில் வேலை இருந்தது, நாக்குக்கு விடுமுறை.

பூமி தன் அச்சில் சுழல்கிறது, சூரியனைச் சுற்றுகிறது. இரண்டும் வேறு வேறு வினை. பேச்சில் இரண்டையும் "சுத்துது" என்று சொல்லிவிடுகிறோம், பம்பரமும் "சுத்துது", கோயில் பிரகாரத்தையும் "சுத்துறோம்". மலாயில் ‘புத்தாரான்’, ‘பெரெடாரான்’ என்று பிரித்துப் படிக்கும் அதே பிள்ளை தமிழில் பிரிப்பதில்லை, பிரிக்கச் சொல்லி யாரும் அவனை நெருக்கவில்லை. பல்சக்கரப் பெட்டியில் கைப்பிடி ஒருவன் கையில், பார்க்காமல் திரும்பி நிற்பவன் இன்னொருவன் என்று வைத்து, நடப்பதை வாயால் மட்டும் சொல்லச் சொன்னேன். "சுத்துது" என்றதும் "எது? தன்னத்தானேவா, சூரியனையா?" என்று திரும்பி நின்றவன் கத்தினான். பத்து நிமிடத்தில் ‘சுழலுது’ தானாக வந்துவிட்டது. பெயர்களிலும் இதே சிக்கல்தான். பெட்டியில் ஆங்கிலப் பெயர், அறிவியல் பாடத்தில் உத்தாரிட், முஷ்தாரி, தமிழில் புதன், வியாழன். மூன்றும் ஒரே கோள் என்று கோத்துக் கொடுக்க எந்தப் பெட்டிக்கும் அக்கறை இல்லை. அது நம் வேலைதான்.

எல்லாம் சொன்ன பிறகு, பெட்டியே வேண்டாமா என்றால் அப்படியும் சொல்ல மாட்டேன். குழுவுக்கொன்றாகப் பத்து வாங்காதீர்கள், வகுப்புக்கு ஒன்று போதும். மீதிப் பணத்தில் ஐம்பது மீட்டர் அளவு நாடாவும் ஒரு நல்ல உலக உருண்டையும் வாங்குங்கள். இன்னும் மிச்சம் இருந்தால் சாதாரண இருவிழித் தொலைநோக்கி ஒன்று. ஆடாமல் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் அதில் தெரியும், பிள்ளைகளுக்கு அது போதும். வாங்கிய ஒரு பெட்டியைச் செய்து முடித்த பிறகு, ‘இதில் என்னென்ன பொய் இருக்கிறது’ என்று தேட விடுங்கள். என் படிவம் ஒன்று மாணவர்கள் பதினொரு பிழை கண்டுபிடித்தார்கள், அதில் மூன்று எனக்கே தெரியாதவை. சனியின் வளையம் ஒரே கெட்டித் தட்டாக இருந்தது அதிலொன்று. அதன்பின் பெட்டிக்குத் தமிழில் ஒரு விளக்கத் தாள் எழுதச் சொன்னேன். இந்த வருடத்தில் அவர்கள் எனக்குக் கேட்காமலே இரண்டு பக்கம் எழுதித் தந்தது அது ஒன்றுதான்.

இவ்வாண்டும் அதே பள்ளியிலிருந்து நடுவர் பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. மதிப்பீட்டுப் படிவத்தை மாற்றலாமா என்று கேட்டு எழுதினேன். ‘பார்க்கிறோம் டீச்சர்’ என்று பதில் வந்தது. போன வாரம் படிவம் கைக்கு வந்தது. அழகு, முழுமை, விளக்கம். பென்சிலால் ‘முழுமை’ பக்கத்தில் ‘அளவு சரியா?’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மற்ற இரு நடுவர்களிடமும் பேச வேண்டும், அன்று காலை கொஞ்சம் முன்னதாகவே போகலாம் என்றிருக்கிறேன்.